ஊஞ்சல் கொக்கியில் என்ஜினைத் தொங்கவிடலாமா?

கேள்வி: எங்களிடம் அப்பா 1998-ல் வாங்கிய மாருதி 800 இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி, ஏசி கிடையாது. ஒரு வருடமாக நீலப் புகை விடுகிறது, ஆயிலும் குறைகிறது. பக்கத்து மெக்கானிக் “என்ஜினை இறக்கி போர் பண்ணணும்” என்கிறார். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன், ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். நானும் மச்சானும் வீட்டிலேயே இறக்கி, பிளாக்கை மட்டும் லேத்துக்குக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறோம். கிரேன் வசதி இல்லை. போர்ட்டிகோ சீலிங்கில் ஊஞ்சலுக்காகப் போட்ட கொக்கிகள் இரண்டு இருக்கின்றன. அதில் உருளையும் கயிறும் போட்டுத் தூக்கலாமா? அல்லது மூங்கிலில் கட்டி இரண்டு பேர் தோளில் தூக்கிவிடலாமா? கியர்பாக்ஸைத் தனியாக இறக்கிவிட்டால் எடை குறையும்தானே? அப்பாவும் உதவிக்கு நிற்கிறேன் என்கிறார். அவருக்கு வயது 71.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் முதல் கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊஞ்சல் கொக்கி வேண்டாம். மூங்கிலும் வேண்டாம். ஆனால் வீட்டில் செய்யவே கூடாத வேலை என்று சொல்ல மாட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். மாருதி 800 போல வீட்டு வாசலில் பிரித்து மாட்டத் தோதான கார் நம் நாட்டில் குறைவு. செய்யுங்கள். எதில் தூக்குகிறீர்கள், தூக்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்ற இரண்டையும் மட்டும் நான் சொல்கிறபடி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. என்ஜின் இறங்கியே ஆக வேண்டுமா என்று உறுதி செய்துவிட்டீர்களா? நீலப் புகை என்றாலே போர் (தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கடைந்து சற்றுப் பெரிதாக்குவது) என்று முடிவு கட்டிவிடுகிறோம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து பிறகு அடங்கிவிடுகிறதா? சிக்னலில் கொஞ்ச நேரம் நின்று புறப்படும்போது மட்டும் வருகிறதா? அப்படியானால் வால்வு ஆயில் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், என்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் புகை கூடுகிறதா? ஓடும் என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகைவண்டி மாதிரி குபுகுபுவென்று அடிக்கிறதா? அப்போது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும், சிலிண்டரின் உட்சுவரான போரும் தேய்ந்திருக்கின்றன.

இன்னும் நிச்சயமாகத் தெரிய கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பாருங்கள். மூன்று பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் கசிவு ரிங் வழியாக. ஏறாவிட்டால் வால்வு வழியாக. அரை மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் என்ஜினை இறக்கிவிட்டு, பிறகு லேத்துக்காரர் “போர் நன்றாகத்தானே இருக்கிறது” என்று கையை விரித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

போர்தான் என்று தெரிந்த பிறகும் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். இந்த வண்டியின் உற்பத்தி 2014 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. பிஸ்டன் செட், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் கைக்கு வந்த பிறகு வண்டியைத் திறப்பதுதான் நல்லது. பிஸ்டன் ஓவர் சைஸில் 0.25, 0.50 மில்லிமீட்டர் பெரிது என்று இரண்டு அளவு உண்டு. புதுப் பிஸ்டனைக் கையில் கொடுத்து அதற்கேற்பத்தான் போர் பண்ணச் சொல்ல வேண்டும். போர் பண்ணிவிட்டுப் பிஸ்டன் தேடினால் அலைய நேரிடும்.

இப்போது தூக்கும் கதைக்கு வருகிறேன். “என்ஜினை இறக்குவது” என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். ஆம்னியில் அது உண்மை. முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் என்ஜினைக் கீழ்வழியாக இறக்கித்தான் எடுக்க வேண்டும். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் அப்படியே. பின்னால் இருக்கும் என்ஜின் நான்கு போல்ட்டில் கியர்பாக்ஸோடு நிற்கிறது, ஜாக்கியை அடியில் கொடுத்து இறக்கி உருவிவிடலாம். மாருதி 800-ல் பெயர்தான் இறக்குவது, வேலை ஏற்றுவது. பானட் வழியாக மேலே தூக்கி, முன் பேனலைத் தாண்டச் செய்து, பிறகு தரைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நேரம் முழுவதும் எடை ஒரே ஒரு புள்ளியில் தொங்கும். அந்தப் புள்ளியை நம்பலாமா என்பதுதான் இந்த வேலையில் பெரிய கேள்வி.

உங்கள் கொக்கியை எடுத்துக்கொள்வோம். என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்த்துக் கணக்குக்கு 100 கிலோ என்று வையுங்கள். “நாலு பேர் ஆடும் ஊஞ்சல், 100 கிலோ தாங்காதா?” என்று தோன்றும். உருளையும் கயிறும் போடும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். மேலே நிலையாகக் கட்டிய ஒற்றை உருளையில் 100 கிலோவைத் தூக்க, நீங்கள் மறுமுனையில் 100 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். உருளையைத் தாங்கும் கொக்கிக்கு இரண்டும் சேர்ந்து 200 கிலோ. நடுவில் கயிறு ஒரு குலுக்கு குலுக்கினால் அதற்கும் மேலே. ஊஞ்சல் எடை இரண்டு கொக்கிகளுக்கும் பிரிந்து போகும். என்ஜின் எடை அப்படிப் பிரியாது.

அதைவிட எனக்குப் பயம் அந்தத் தளத்தின் மேல்தான். நம் பக்கத்துப் போர்ட்டிகோ பலவும் சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்பவை, வெளிமுனையில் தூண் இருக்காது. அப்படிப்பட்ட தளத்தின் முக்கியமான கம்பி மேல்பக்கம் இருக்கும். வெளிமுனையில் எடை தொங்கினால் சுவரை ஒட்டிய இடத்தில்தான் இழுவை அதிகம். கொக்கியின் மறுமுனை உள்ளே எந்தக் கம்பியைப் பிடித்திருக்கிறது, எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்பதைக் கீழே நின்று யாராலும் சொல்ல முடியாது. ஃபேன் கொக்கி, சன்ஷேடு, மாடிப்படியின் அடிப்பக்கம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். தோட்டத்து மரக்கிளையில் கட்டலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்று தெரியும். அதுவும் வேண்டாம்.

மூங்கிலில் தோள் கொடுத்துத் தூக்குவது பற்றி. ரோட்டோரப் பட்டறைகளில் இதைச் செய்கிறார்கள். நானும் இருபது வயதில் செய்தவன்தான். முன் பேனல் தொடை உயரத்தில் இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் குனிந்தபடி எடையை எடுக்க வேண்டும், முதுகெலும்புக்கு இதைவிடக் கெட்ட நிலை கிடையாது. பாதி வழியில் ஒருவருக்குக் கை வழுக்கினால் கீழே வைக்க இடமில்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரின் இடது கை விரல் இரண்டு, என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் சிக்கி நசுங்கியதை அருகில் நின்று பார்த்தேன். அன்று தூக்கிய நாலு பேரும் பலசாலிகள், பழகியவர்கள். கட்டியிருந்த கயிற்றின் முடிச்சு நழுவியது, அவ்வளவுதான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன்.

உங்களுக்குத் தேவையானவை இரண்டு: சங்கிலியை இழுத்து எடை தூக்கும் ஒரு செயின் பிளாக், அதைத் தொங்கவிட ஒரு முக்காலி (மூன்று பைப்புகளை உச்சியில் கோர்த்த தாங்கி).

செயின் பிளாக்கை வாங்க வேண்டியதில்லை. சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுகிற கடைகளில் விசாரியுங்கள். அரை டன் போதும், ஒரு டன் கிடைத்தாலும் சரி. கயிற்றைவிட இது ஏன் மேல் என்றால், இதற்குள் பிரேக் இருக்கிறது. தொங்கும் எடையே உள்ளிருக்கும் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும்படி அமைத்திருப்பார்கள். கைச் சங்கிலியை விட்டுவிட்டு நீங்கள் தண்ணீர் குடிக்கப் போனாலும் எடை இருந்த இடத்திலேயே நிற்கும். ஒரு நூலளவு ஏற்றவும் ஒரு நூலளவு இறக்கவும் முடியும். என்ஜினைத் திரும்ப மாட்டும்போது இதன் அருமை புரியும். எடுக்கும்போதே கொக்கியின் வாயில் தப்பிக்காமலிருக்கும் தகடு இருக்கிறதா, கொக்கி விரிந்திருக்கிறதா, சங்கிலி வளையம் எதுவும் நீண்டிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். லாரியில் சரக்கு இறுக்கும் ராட்செட் பெல்ட்டைக் கொடுத்து “இதிலேயே தூக்கலாம்” என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அது இறுக்குவதற்கு ஆனது, தூக்குவதற்கு இல்லை.

முக்காலிக்கு, போர்வெல் மோட்டார் ஏற்றி இறக்குகிறவர்களைப் பிடியுங்கள். உங்கள் ஊரில் கட்டாயம் இருப்பார்கள். நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து குழாயோடு மோட்டாரைத் தூக்குகிற முக்காலிக்கு உங்கள் என்ஜின் பெரிய எடையே இல்லை. கிடைக்காவிட்டால் வெல்டரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். இரண்டு அங்குல ஜி.ஐ. பைப், கனமான ரகம், பத்தடி நீளத்தில் மூன்று. உச்சியில் மூன்றையும் துளையிட்டு ஒரே பெரிய போல்ட்டில் கோர்க்க வேண்டும். கட்டுக்கம்பி சுற்றிக் கட்டுவது, சவுக்குக் கம்பைக் கயிற்றால் பிணைப்பது எல்லாம் பந்தலுக்குச் சரி, இதற்கு ஆகாது.

கால்களை எவ்வளவு விரிப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மாருதி 800-ன் அகலம் 1,440 மில்லிமீட்டர், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. கால்களைத் தரையில் ஆறேழு அடி இடைவெளியில் வைத்தால் தாராளம் போலத் தெரியும். ஆனால் அவை மேலே போகப் போக உள்ளே சாய்வதால் பானட் உயரத்தில் ஃபென்டரை உரசும். பத்தடிக் கால் என்றால் பாதங்களுக்கு நடுவே எட்டரை அடி இருக்கட்டும். அப்போது உச்சியும் தரையிலிருந்து ஏறக்குறைய எட்டரை அடியில் நிற்கும். செயின் பிளாக், அதன் கொக்கியில் என்ஜினை மாட்டும் தூக்கு பெல்ட், என்ஜின் எல்லாம் போகத் தூக்குவதற்குப் போதுமான உயரம் அது. ஒரு கால் வண்டிக்கு முன்னால், மற்ற இரண்டு கால்கள் இரு பக்கமும். உச்சி நேராக என்ஜினின் நடுவுக்கு மேலே வர வேண்டும். ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விரிப்பில் 100 கிலோ தொங்கும்போது ஒவ்வொரு காலும் கிட்டத்தட்ட 20 கிலோ விசையில் வெளிப்பக்கம் நழுவப் பார்க்கும். வழவழப்பான டைல்ஸ் தரையில் அது நழுவியே தீரும். ஆகவே மூன்று பாதங்களையும் தரையை ஒட்டிச் சங்கிலியால் சுற்றிக் கட்டுங்கள். பக்கத்துக் கால்கள் இரண்டையும் இணைக்கும் சங்கிலி வண்டிக்கு அடியில் தரையோடு படுத்திருக்கும். வண்டியைத் தள்ளும்போது சக்கரம் அதன்மேல் ஏறும், அதனால் பாதிப்பு இல்லை. வேலையை டைல்ஸ் போட்ட போர்ட்டிகோவில் வைத்துக்கொள்ளாமல் சிமென்ட் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். மண் தரை என்றால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் கனமான பலகை. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடித்துவிடுவதும் நல்லது. ஈர மண்ணில் முக்காலி நிற்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

நிறுத்தியாயிற்றா? உடனே என்ஜினைத் தொங்கவிடாதீர்கள். சிமென்ட் மூட்டை ஒன்று 50 கிலோ. மூன்று மூட்டையைச் சேர்த்துக் கட்டித் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கிப் பத்து நிமிடம் விட்டுவையுங்கள். பாதம் நகர்ந்ததா, உச்சிப் போல்ட் வளைந்ததா, சங்கிலி தானாக இறங்கியதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் முக்காலி தேர்ச்சி பெற்றுவிட்டது.

அடுத்து கியர்பாக்ஸ். தனியாக இறக்கினால் எடை குறையும் என்ற உங்கள் கணக்கு தவறில்லை. கிளட்ச் பிளேட் மாற்றும்போது நாங்கள் அப்படித்தான் கீழ்வழியாகக் கியர்பாக்ஸை மட்டும் இறக்குகிறோம். ஆனால் அது வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, 25 கிலோ அரிசி மூட்டை மாதிரியான ஒன்றை நெஞ்சுக்கு மேல் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை. கியர்பாக்ஸ் போய்விட்டால் அந்தப் பக்கம் என்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கும் போய்விடும், என்ஜின் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். செயின் பிளாக் இருக்கும்போது எடை ஒரு பிரச்சினையே இல்லை. என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகவே மேலே எடுத்து, தரையில் வைத்து, உட்கார்ந்து நிதானமாகப் பிரியுங்கள். திரும்பப் பூட்டும்போதும் தரையில் வைத்துக் கிளட்ச் பிளேட்டை மையம் பார்த்துப் பூட்டுவது எவ்வளவோ சுலபம்.

கீழே போய்ச் செய்யும் வேலையை முதலில் முடித்துவிடுங்கள். டிக்கியில் இருக்கும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அதை நம்பித் தலையை அடியில் கொடுக்கக் கூடாது. இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகளை வாங்கியோ வாடகைக்கோ எடுத்து, பாடியின் அடியில் ஜாக்கி கொடுப்பதற்கென்று கெட்டியாக விட்டிருக்கும் இடங்களில் நிறுத்துங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கண்டிப்பாக வேண்டாம். அவை விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் பொடியாகிவிடும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

அடியில் உள்ள வேலைகள்: கியர் ஆயிலை வடிப்பது, சைலன்ஸர் குழாயை, என்ஜின் புகை வெளிவரும் மேனிஃபோல்டிலிருந்து பிரிப்பது, கியர் ராடுகளைக் கழற்றுவது, முன் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சில்களைக் கியர்பாக்ஸிலிருந்து வெளியே எடுப்பது. சைலன்ஸர் நட்டுகள் துருவேறி அடம்பிடிக்கும். முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். சூட்டில் முறுக்கி முறித்துக்கொண்டால் அதற்கே ஒரு நாள் போய்விடும்.

ஆக்சிலில் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். கியர்பாக்ஸ் பக்கத்து முனையை மட்டும் நெம்பி எடுங்கள். சக்கரப் பக்கத்து முனையும் அதன் பெரிய நட்டும் இருந்தபடியே இருக்கட்டும். அந்த நட்டின் இறுக்கம்தான் முன் சக்கர பேரிங்கைப் பிடித்து வைக்கிறது. அதைக் கழற்றிவிட்டு வண்டியை உருட்டினால் நல்ல பேரிங்கும் கெட்டுப்போகும். சக்கரப் பகுதியை அடியிலுள்ள கையோடு இணைக்கும் பால் ஜாயிண்டைப் பிரித்தால்தான் ஆக்சில் வெளியே வர இடம் கிடைக்கும். வந்ததும் ஆக்சிலைத் தொங்கவிடாமல் கம்பியால் ஓரமாகக் கட்டிவிட்டு, பால் ஜாயிண்டைத் திரும்பப் பூட்டி, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கிவிடுங்கள். இனி யாரும் அடியில் போக வேண்டியதில்லை. மிச்ச வேலை எல்லாம் வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்போதுதான்.

மேலே கழற்றுவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது. பேட்டரியில் முதலில் நெகடிவ். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள், ஸ்பேனரும் காப்பும் பேட்டரியில் பட்டால் தோல் வெந்துவிடும். பானட் கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டுக் கழற்றினால் திரும்பப் பூட்டும்போது இடைவெளி சரியாக வரும். ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் பிடித்து மூடி வையுங்கள். கூலண்ட் கலந்த தண்ணீர் இனிக்கும், தெரு நாய் நக்கினால் செத்துப்போகும். பெட்ரோல் குழாய்களை எடுத்ததும் அளவான போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு அடைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் கொசுவர்த்தி, வாசல் விளக்கு எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். நாம் ஜாக்கிரதையாக இருப்போம், உள்ளேயிருந்து ஒருவர் ஊதுவத்தியோடு வருவார்.

ஆக்சிலேட்டர் கேபிள், சோக் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹீட்டர் ஹோஸ், டிஸ்ட்ரிபியூட்டர் வயர், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ரிவர்ஸ் லைட் வயர், ஆயில் பிரஷர் சுவிட்ச். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம், கழற்றியதும் பேப்பர் டேப்பில் பெயர். போல்ட்டுகளைக் கழற்றிய வரிசைப்படி பழைய இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வைப்பது என் வழக்கம். கிட்டத்தட்ட எல்லாரும் மறப்பது எர்த் வயர். என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் அந்தப் பட்டை வயர் அழுக்கு நிறத்தில் ஒளிந்துகொண்டிருக்கும். (உங்கள் வண்டியில் ஏசி இல்லை என்கிறீர்கள். இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது ஏசி வண்டி இருந்தால், கேஸ் குழாயைத் திறக்காதீர்கள். கம்ப்ரஸரை மட்டும் பிரித்து ஓரமாகக் கட்டிவைத்தால் போதும்.)

தூக்கு பெல்ட்டை என்ஜினில் எங்கே மாட்டுவது? ஹெட்டில் தூக்குவதற்கென்றே தகட்டுக் கொக்கிகள் இருக்கும், இருந்தால் அதிலேயே. யாரோ முன்பு கழற்றி எறிந்திருந்தால், கெட்டியான போல்ட்டை மரை முழுவதும் இறங்கும்படி பிளாக்கிலோ ஹெட்டிலோ முடுக்கி, பெரிய வாஷர் கொடுத்துச் சங்கிலியை மாட்டுங்கள். மேனிஃபோல்டைச் சுற்றியோ ஆல்டர்னேட்டரைச் சுற்றியோ கட்டக் கூடாது. மாட்டும்போது டைமிங் பெல்ட் பக்கம் சற்று உயர்ந்தும் கியர்பாக்ஸ் பக்கம் சற்றுத் தாழ்ந்தும் தொங்கும்படி நீளம் வையுங்கள். அந்தச் சாய்வில்தான் அது இடுக்கில்லாமல் வெளியே வரும்.

செயின் பிளாக்கில் எடையை மெல்ல ஏற்றி, மவுண்டிங் ரப்பர் தளர்வதைப் பார்த்த பிறகே மவுண்டிங் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். பிறகு நாலு விரல் தூக்கி, நிறுத்தி, சுற்றிலும் பாருங்கள். இன்னும் நாலு விரல், மறுபடி பாருங்கள். கைச் சங்கிலி திடீரென்று கனத்தால் எதையோ என்ஜின் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இழுத்துப் பார்ப்போம் என்று ஒரு முறைகூட இழுக்காதீர்கள். கொஞ்சம் இறக்கி, டார்ச் அடித்துத் தேடுங்கள். ஒரு கேபிளோ ஹோஸோ அகப்படும்.

அடிப்பாகம் முன் பேனலைத் தாண்டியதும் என்ஜினை நகர்த்த வேண்டாம். அது தொங்குகிற இடத்திலேயே தொங்கட்டும், வண்டியைப் பின்னால் தள்ளுங்கள். பெரிய சக்கரம் வைத்த கிரேன் இல்லாத குறை இந்த இடத்தில் தீர்ந்துவிடுகிறது. அதற்காகப் பின்னால் எட்டுப் பத்தடி காலி இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து நிறுத்துங்கள். வண்டி போன இடத்தில் பழைய டயர் ஒன்றைப் போட்டு, என்ஜினை உடனே அதன்மேல் இறக்கிவிடுங்கள். “மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று ராத்திரி முழுவதும் தொங்கவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். குழந்தை வரும், நாய் வரும், மழை வரும். முதல் நாள் அடி வேலையும் மேல் வேலையும், இரண்டாம் நாள் காலை வெளிச்சத்தில் தூக்குவது என்று பிரித்துக்கொண்டால் அவசரம் இருக்காது.

அப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவரை வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். 1998-லிருந்து அவர் ஓட்டிய வண்டி அது. ஆனால் எடையில் கை வைக்கவும் வேண்டாம், அடியில் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். முக்காலியின் கால்களுக்கு வெளியே, மூன்று பாதங்களும் தெரிகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் என்ஜினையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பாதம் நகர்ந்தால் தெரியாது. அவருக்குத் தெரியும். அவர் “நிறுத்து” என்றால் ஏன் என்று கேட்காமல் சங்கிலியை விட்டுவிட வேண்டும். மற்றபடி ஏற்று, இறக்கு என்று சொல்வது ஒரே ஆளாக இருக்கட்டும். ஒருவர் ஏற்று என்று சொல்லும்போது மற்றவர் இறக்கு என்பார், நடுவில் கை மாட்டும். லுங்கியும் ரப்பர் செருப்பும் வேண்டாம், பேன்ட்டும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். என்ஜினுக்கு அடியில் கையோ காலோ ஒரு கணம்கூட வரக் கூடாது. போல்ட் விழுந்தால் விழட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

என்ஜின் வெளியே இருக்கும்போது கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்கின் பின் ஆயில் சீல், டைமிங் பெல்ட், மவுண்டிங் ரப்பர் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். பிறகு இதற்காகவே இன்னொரு முறை முக்காலி நிறுத்த மனம் வராது. திரும்ப மாட்டுவது இதே வழியில் பின்னோக்கி. அதில் இரண்டை மட்டும் குறித்து வையுங்கள். ஆக்சில் கியர்பாக்ஸுக்குள் போகும்போது ‘டக்’ என்று உட்கார வேண்டும், இழுத்தால் வரக் கூடாது. கியர் ஆயில் ஊற்றிய பிறகே வண்டி நகர வேண்டும். புது ரிங் போட்ட மகிழ்ச்சியில் காலிக் கியர்பாக்ஸோடு தெருவைச் சுற்றி வந்தவர்கள் உண்டு. முதல் ஸ்டார்ட்டுக்கு முன், பிளக்குகளைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள்.

லேத்தில் போர் முடிந்ததும் மூன்று சிலிண்டரின் அளவையும் மேல், நடு, கீழ் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அதையும் பிஸ்டன் அளவையும், ரிங்கைப் போரில் தனியாக வைத்துப் பார்த்த இடைவெளியையும் எனக்கு அனுப்புங்கள். பூட்டுவதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.